ஐ5 கழற்றி ஐ7 மாட்டினேன்: போட்ட காசுக்கு வேலை நடந்ததா?

2025 மே மாதம், கத்தரி வெயிலின் நடுவில், எங்கள் திங்க்பேட் டி440பி லேப்டாப்பிலிருந்து ஐ5-4300எம் ப்ராசசரைக் கழற்றிவிட்டு ஐ7-4702எம்க்யூ மாட்டினேன். சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்கிற கோர் இரண்டு இருந்த இடத்தில் இப்போது நான்கு. பத்து நிமிட வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்ய 16 நிமிடம் 40 விநாடி எடுத்துக்கொண்ட மெஷின், அதே வீடியோவை இப்போது 7 நிமிடம் 35 விநாடியில் முடிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்த ஒன்பது நிமிடத்தில் மூன்று நிமிடம், ப்ராசசரைத் தொடுவதற்கு முன்பே தூசி தட்டியதில் கிடைத்துவிட்டது. மிச்ச ஆறு நிமிடத்துக்குத்தான் ப்ராசசர் காசு. அந்த ஆறு நிமிடம் யாருக்கு, எதற்கு வேண்டும் என்று பார்க்காமல் இந்தச் செலவு தகுமா தகாதா என்று சொல்லவே முடியாது.

லேப்டாப் என்னுடையது, புழங்குவது பெரும்பாலும் அக்கா பையன். நான் தண்டையார்பேட்டை, அவன் வியாசர்பாடி. முல்லை நகர் மைதானத்தில் நடக்கிற ஃபுட்பால் மேட்சுகளை ஃபோனில் எடுத்து, ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டி, மேல் மூலையில் ஸ்கோர் போட்டு, அன்று இரவே டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவான். கோல் அடித்தவனின் அப்பா அம்மா தூங்குவதற்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும் என்பது அவன் கொள்கை.

"மாமா, ஐ7 போட்டா பறக்கும்னு பசங்க சொல்றானுங்க."

"எது பறக்கும்? லேப்டாப்பா, என் காசா?"

இப்படித்தான் ஆரம்பித்தது.

மாற்ற முடியுமா என்பது முதலில்

எல்லா லேப்டாப்பிலும் ப்ராசசர் மாற்ற முடியாது. பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் 'எம்', 'க்யூஎம்' என்று முடிகிறவையும், நான்காம் தலைமுறையில் 'எம்', 'எம்க்யூ' என்று முடிகிறவையும் பெரும்பாலும் பின் வைத்து சாக்கெட்டில் உட்காருகிற சிப்புகள். 'யூ' என்றோ 'எச்க்யூ' என்றோ முடிந்தால் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து சால்டர் செய்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் லேப்டாப் சிப்புகள் எல்லாமே சால்டர்தான். என் வேலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐ3-5005யூ. பெயரைப் படித்ததும் மூடிக் கையில் கொடுத்துவிட்டேன். அதற்குச் சுழலாத வேக டிஸ்க்கான எஸ்எஸ்டி போடலாம், ரேம் போடலாம், அதோடு சரி.

டி440பி 2013-இல் வந்த மாடல். சாக்கெட் வைத்த திங்க்பேடுகளில் கடைசி வரிசை. நான்காம் தலைமுறை 'எம்', 'எம்க்யூ' எது வேண்டுமானாலும் உட்காரும். இங்கேதான் வாட் கணக்கு, அதாவது சிப் எவ்வளவு சூடாகும் என்ற கணக்கு, வருகிறது. பழைய ஐ5-4300எம் 37 வாட். மார்க்கெட்டில் அதிகம் கிடைக்கிற ஐ7-4700எம்க்யூ 47 வாட். 4702எம்க்யூவும் 4712எம்க்யூவும் நான்கு கோர் இருந்தும் 37 வாட். என் மெஷினில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசசரின் சூட்டை இழுத்துக்கொள்கிற ஹீட்சிங்கில் ஒரே ஒரு செப்புக் குழாய். வட சென்னை மேமாத வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ஓடப்போகிற மெஷினுக்குப் பத்து வாட் கூடுதல் சூடு வேண்டாம் என்று 47-ஐ அப்போதே விலக்கிவிட்டேன்.

இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐ5-4300எம் ஒற்றைக் கோரில் 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகம் வரை போகும். ஐ7-4702எம்க்யூ 3.2 வரைதான். ஒரே கோரில் ஓடுகிற வேலைக்கு, அதாவது சாதாரணமாக ஒரு ஃபைலைத் திறப்பது, டேலியில் என்ட்ரி போடுவது, பிரவுசரில் ஒரு பக்கத்தைப் பார்ப்பது இதற்கெல்லாம், 'பெரிய' சிப் வேகமாகாது. சிப்புக்குள்ளேயே இருக்கிற கேஷ் மெமரி 3 எம்பியிலிருந்து 6 எம்பி ஆகிறது, அதனால் கொஞ்சம் ஈடுகட்டலாம், அவ்வளவே. நான்கு கோரையும் ஒரே நேரத்தில் பிழிகிற வேலை இருந்தால்தான் லாபம். வீடியோ எக்ஸ்போர்ட் அப்படிப்பட்ட வேலை.

அளந்து பார்த்தது

வாங்குவதற்கு முன் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். மேட்ச் வீடியோவிலிருந்து பத்து நிமிடம் வெட்டிய ஒரே துண்டு, 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம். வீடியோ சுருக்குகிற ஹேண்ட்பிரேக் மென்பொருளில், ப்ராசசர் கோர்களை வைத்துச் சுருக்குகிற எக்ஸ்264 முறை, மீடியம் ப்ரீசெட். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே துண்டு, அதே செட்டிங். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வைத்து சூடும் வேகமும் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்த தெர்மாமீட்டர் பகலில் 35 டிகிரி காட்டியது.

முதல் ஓட்டத்தில் 16 நிமிடம் 40 விநாடி. கவனித்தால், ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே சூடு 97 டிகிரிக்கு ஏறி, வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இந்தச் சிப்பின் அடிப்படை வேகமே 2.6. அதாவது, இருக்கிற இரண்டு கோரையே மெஷினால் முழுசாக ஓட்ட முடியவில்லை. இந்த நிலையில் நான்கு கோரைக் கொண்டுவந்து வைத்தால் நான்கும் சேர்ந்து மூச்சு வாங்கும்.

கழற்றினேன். பேட்டரியை எடுத்துவிட்டு, அடியில் உள்ள சின்னக் கதவின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கதவை நகர்த்தினால் ரேமும் டிஸ்க்கும் தெரியும். அடிப்பலகை முழுவதையும் எடுத்தால் ஃபேனும் ஹீட்சிங்கும் நேரே கண்ணில் படும். கீபோர்டைத் தொட வேண்டியதில்லை. இந்த மாடலில் அது பெரிய நிம்மதி. ஸ்க்ரூ நீளங்கள் வேறு வேறு. ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, டபுள் சைடு டேப் ஒட்டி, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே ஒட்டி வைத்தேன்.

ஃபேன் மூடியை எடுத்ததும் காரணம் தெரிந்தது. ஃபேன் காற்றைத் தள்ளுகிற வாய்க்கும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில், கறுப்பாக ஒரு தூசிப் பட்டை. சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழிந்த பாய்த்துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. எண்ணூர் பக்கமும் துறைமுகப் பக்கமும் கண்டெய்னர் லாரி ஓடுகிற தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தூசியைத் தெரியும்: காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மாலையில் விரலில் மை ஒட்டும். சாதாரண வீட்டுத் தூசி போல ஊதினால் பறக்காது, பிசுக்கு இருக்கும். கடல் காற்றின் உப்பு வேறு. ஹீட்சிங்கைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களில் இரண்டின் தலையில் துரு. ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், ரப்பர் ஊதி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி இவைதான் கருவி. ஃபேன் இறக்கைகளை இயர்பட்ஸால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலவிட்டால் பேரிங் கெடும்.

சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்த நடுவில் தடவுகிற பேஸ்ட், பழையது, காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. வீட்டில் கிடந்த, சிரிஞ்சில் வருகிற விலை குறைந்த வெள்ளைப் பேஸ்ட்டைத்தான் முதலில் போட்டேன். 92 டிகிரி. பிறகு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 வாங்கிப் போட்டதும் 86. எக்ஸ்போர்ட் 13 நிமிடம் 40 விநாடி.

அடுத்து டிஸ்க். பழைய 500 ஜிபி சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு 480 ஜிபி எஸ்எஸ்டி. 4 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3எல். ஆன் செய்து வேலைக்குத் தயாராக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆன மெஷின் இருபது விநாடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து கிடந்ததும் போனது. எக்ஸ்போர்ட் நேரம் மட்டும் அசையவில்லை: 13 நிமிடம் 34 விநாடி. எனக்கு இதுதான் முக்கியமான அளவு. இப்போது மிச்சமிருக்கிற காத்திருப்பு டிஸ்க்குடையது இல்லை, ரேமுடையதும் இல்லை, ப்ராசசருடையதுதான் என்று இதில்தான் உறுதியானது.

உண்மையைச் சொன்னால் என் சொந்த வேலைக்கு இங்கேயே நிறுத்தியிருக்கலாம். கணக்கு, மெயில், பத்துப் பதினைந்து பிரவுசர் டேப். எனக்கு எந்தக் குறையும் இல்லை.

காசில்லாத இரண்டு வழிகள்

இன்டெல் சிப்புக்குள்ளேயே வீடியோ என்கோட் செய்ய, அதாவது சுருக்கி ஃபைலாக்க, க்விக் சிங்க் என்று தனிப் பகுதி இருக்கிறது. பழைய ஐ5-இலும் உண்டு. ஹேண்ட்பிரேக்கில் அதைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் அதே துண்டு 4 நிமிடம் 20 விநாடியில் முடிந்தது. இந்த மெஷினில் உட்காருகிற எந்த ஐ7-உம் எக்ஸ்264-இல் தராத வேகம், பைசா செலவில்லாமல்.

அப்புறம் ஏன் சிப் வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஃபைல் அளவு ஒன்றாக இருக்கும்படி வைத்து இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தோம். மண் மைதானம்; நாலு பேர் பந்துக்கு முட்டும்போது புழுதி கிளம்பும். இந்தத் தலைமுறை க்விக் சிங்க்கில் அந்தப் புழுதி சதுரம் சதுரமாகக் கட்டிக்கொள்கிறது, பந்து ஒரு நொடி அதில் காணாமல் போகிறது. எக்ஸ்264-இல் பந்து தெரிகிறது. நொடிக்கு ஒதுக்குகிற டேட்டா அளவான பிட்ரேட்டைக் கூட்டினால் க்விக் சிங்க்கும் சரியாகிவிடும், ஆனால் ஃபைல் பெரிதாகும். குரூப்பில் பாதிப் பேர் அன்றாட டேட்டா பேக்கில் ஓட்டுகிறவர்கள். யூடியூபில் மட்டும் ஏற்றுவதாக இருந்தால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரிய ஃபைலாக ஏற்றிவிடலாம், அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள். அந்த வேலைக்கு ப்ராசசர் மாற்றுவது வீண்.

இரண்டாவது வழி ப்ராக்ஸி. எடிட் செய்யும்போது வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்பதும் பையனின் குறை. ஷாட்கட் செட்டிங்கில் ப்ராக்ஸியை ஆன் செய்தால் அது ஒவ்வொரு க்ளிப்புக்கும் சின்ன நகல் ஒன்று எடுத்துக்கொண்டு எடிட்டிங்கை அதில் நடத்தும், கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரிஜினலை எடுக்கும். திக்கல் நின்றது. ஆனால் நகல் எடுக்கவும் நேரம் பிடிக்கிறது, ஒரு மேட்சுக்கு நாற்பது ஐம்பது க்ளிப் வந்தால் அதுவே ஒரு காத்திருப்பு.

ஆக, மிஞ்சியது இவ்வளவுதான்: புழுதியில் பந்து தெரிய வேண்டும், ஃபைல் சின்னதாக இருக்க வேண்டும், அன்றிரவே போக வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் சிப் தேவையில்லை. அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

விலை விசாரித்தது

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். பழைய லேப்டாப் உதிரி வேண்டுமென்றால் பெரிய போர்டு வைத்த கடைகளைத் தாண்டி நரசிங்கபுரம் தெருப் பக்கத்து மாடிக் கடைகளில்தான் கிடைக்கும். 4700எம்க்யூ 2,500 ரூபாய் சொன்னார்கள். 4702எம்க்யூ 3,800.

"37 வாட்டுக்குன்னு கேட்டு வர்றவங்க ஜாஸ்தி ஜி, அதான் ரேட்டு நிக்குது" என்றார் ஒருவர். பழைய விஷயம் தெரிந்தவர்தான்.

இன்னொரு கடையில் எழுநூறு ரூபாய் குறைத்து ஒன்று காட்டினார்கள். சிப்பின் மேல் மாடல் பெயர் இல்லை, 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சு. கம்பெனி சோதனைக்காகச் செய்த மாதிரிச் சிப் அது. சில பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் எழுகிற மென்பொருள்) அதை ஏற்காது, ஏற்றாலும் வேகம் வேறாக இருக்கும். வைத்துவிட்டு வந்தேன். சரியான 4702எம்க்யூவில் 'எஸ்ஆர்15ஜே' என்ற குறி இருக்கும். மாடல் பெயரை விட இந்தக் குறியைப் பார்ப்பது நல்லது.

வாங்கும்போது பார்த்த இடங்கள்: ஃபோன் டார்ச்சைப் படுக்கையாகப் பிடித்துப் பின் வரிசைகளின் ஊடே பார்த்தால், தொள்ளாயிரத்துச் சொச்சம் பின்னில் ஒன்று சாய்ந்திருந்தாலும் வரிசையின் நேர்கோடு அங்கே உடையும். பின்களுக்கு நடுவில் உள்ள கடுகளவுப் பாகங்களில் எதுவும் உதிர்ந்திருக்கக் கூடாது. மேலே கண்ணாடி போல மின்னுகிற சிலிக்கான் சில்லின் நான்கு மூலையும் சிதறாமல் இருக்க வேண்டும். லேப்டாப் சிப்பில் அந்தச் சில்லுக்கு மேல் உலோக மூடி கிடையாது, ஹீட்சிங்கைக் கோணலாக வைத்து முறுக்கினால் மூலை சிதறிவிடும். சிப்பைத் தெர்மாக்கோலில் குத்தித் தந்தால் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் கேட்டு வாங்குங்கள்.

பேரம் 3,200-இல் முடிந்தது. ஒரு வாரம் டெஸ்டிங் வாரன்டி. பழைய ஐ5-ஐக் கொண்டுவந்து கொடுத்தால் 400 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அங்கேயே எட்டாம் தலைமுறை ஐ5-8350யூ போட்ட செகண்ட் ஹாண்ட் லேப்டாப்புகளும் விசாரித்தேன். 17,000-இலிருந்து 19,000 வரை. டி440பியை மாற்றாகக் கொடுத்தால் ஏழாயிரம் சொன்னார்கள். ஆக கையிலிருந்து பத்து, பன்னிரண்டாயிரம் போகும். அந்தச் சிப்பும் நான்கு கோர், 15 வாட்டிலேயே ஏறக்குறைய 4702எம்க்யூ செய்கிற வேலையைச் செய்யும், சூடும் குறைவு. அதற்கு மேல் விண்டோஸ் 11 அதில் முறையாக ஏறும். நான்காம் தலைமுறைக்கு அந்த வாய்ப்பு கிடையாது, எவ்வளவு பெரிய ஐ7 போட்டாலும் அது நான்காம் தலைமுறைதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று அப்போதே தெரியும். விண்டோஸை விட முடியாதவர்களுக்கு, வேறு எந்தக் கணக்கும் போடாமல், இந்த இரண்டாவது வழிதான் சரி. எங்களுக்கு ஷாட்கட்டும் ஹேண்ட்பிரேக்கும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸிலும் ஓடும் என்பதால் மூவாயிரத்துச் சொச்சத்தில் நின்றுகொண்டோம்.

மாட்டியது

முதலில் பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தேன். பிறகு சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தேன். நம்மூர்க் காற்றின் ஈரத்தில் ஸ்டேட்டிக் மின்சாரம் சிப்பைக் கெடுக்கிற பயம் கொஞ்சம் குறைவுதான், இருந்தாலும் வேலைக்கு முன் இரும்பு பீரோவைத் தொட்டுக்கொண்டேன். உண்மையான ஆபத்து வியர்வை. தூசி பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. கழுத்தில் துண்டு, நெற்றியில் ஒரு கைக்குட்டைக் கட்டு. நல்லவேளை, ஃபோட்டோ எடுக்க யாரும் இல்லை.

ஹீட்சிங் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், குறுக்கு மூலைகளில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சாக்கெட்டின் ஓரத்தில் தட்டைத் தலை ஸ்க்ரூ ஒன்று, பக்கத்தில் பூட்டு, திறந்த பூட்டு என்று இரண்டு படம். திறந்த பக்கம் திருப்பினால் பழைய சிப் தானாகத் தளர்ந்துவிடும், நேர்மேலே தூக்க வேண்டியதுதான். புதியதின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே உட்காருகிறது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்து மறுபடி வையுங்கள். பிறகு பூட்டு.

முதல் தடவை ஆன் செய்ததும் கிட்டத்தட்ட அரை நிமிடம் திரை கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. வயிற்றைப் பிசைகிற அரை நிமிடம் அது. புதுச் சிப்பும் ரேமும் அறிமுகம் ஆகிக்கொள்ள எடுக்கிற நேரம்தான், அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. பிறகு லோகோ, பயாஸில் ஐ7-4702எம்க்யூ என்று பெயர்.

உடனே அளந்தேன். முதல் ஒரு நிமிடம் நான்கு கோரும் 2.9 கிகாஹெர்ட்ஸில் பறந்தது. அப்புறம் சூடு 98, வேகம் 2.3. எக்ஸ்போர்ட் 9 நிமிடம் 10 விநாடி. நான்கு கோருக்குக் காசு கொடுத்து மூன்று கோருக்கான வேலைதான் கிடைத்த மாதிரி.

மறுபடி ஹீட்சிங்கைத் தூக்கியதும் அதன் செப்புப் பரப்பில் பேஸ்ட்டின் அச்சு தெளிவாக விழுந்திருந்தது. நடுவில் வட்டமாக, இரண்டு முனையிலும் வெறும் செம்பு. ஐ5-இன் சில்லு குட்டையானது, நடுவில் ஒரு பொட்டு வைத்து அமுக்கினால் முழுக்கப் பரவியது. நான்கு கோர் சில்லு நீளமானது, அதே பொட்டு முனைகளைத் தொடவில்லை. இந்தத் தடவை பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சில்லு முழுவதும் மெல்லிய பூச்சாக இழுத்துவிட்டு மூடினேன். 94 டிகிரி, 8 நிமிடம் 5 விநாடி.

கடைசியாக அண்டர்வோல்ட். த்ராட்டில்ஸ்டாப் என்கிற இலவச மென்பொருளில் கோருக்கும் கேஷுக்கும் வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். மைனஸ் 80 மில்லிவோல்ட்டில் எக்ஸ்போர்ட் நடுவில் நீலத் திரை விழுந்தது. மைனஸ் 60-க்கு வந்ததும் இரவு முழுக்க ஓட்டியும் விழவில்லை. சூடு 88-இல் நின்றது, வேகம் 2.8-க்குக் கீழே இறங்கவில்லை. 7 நிமிடம் 35 விநாடி. இந்தப் படிக்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் சிப்புக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு வெறும் சூடாகவே போயிருக்கும்.

65 வாட் அடாப்டரே போதுமானதாக இருந்தது. முழு வேகத்தில் எக்ஸ்போர்ட் ஓடும்போது பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஆகிறது, அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது பேட்டரி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. எக்ஸ்போர்ட் நேரத்தில் பக்கத்து அறையில் சீரியல் பார்க்கும் அம்மா வால்யூம் ஏற்றுகிறார்.

கணக்கு

ஆல்கஹால் 150, பேஸ்ட் 550, எஸ்எஸ்டி 2,600, ரேம் 800, ப்ராசசர் 3,200. பழைய சிப்பைக் கொடுத்து வாங்கிய 400 கழித்தால் மொத்தம் 6,900 ரூபாய். இதில் முதல் 700 ரூபாய்ச் செலவுதான் எல்லாவற்றையும் விட அதிகம் திருப்பிக் கொடுத்தது. எஸ்எஸ்டியும் ரேமும் தினமும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ப்ராசசருக்குப் போன நிகர 2,800 ரூபாய், ஒருவனுடைய ஒரு வேலையைக் கிட்டத்தட்டப் பாதி நேரமாக்கியது. நான் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது என் விரலுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. தெரியாது என்பதும் முன்பே தெரியும். என் வேலைக்காக மட்டும் என்றால் இந்த 2,800-ஐச் செலவழித்திருக்கவே மாட்டேன்.

பையனுக்கு லாபமா? அரை மணி நேரத் தொகுப்பு ஒன்றுக்கு முன்பு முக்கால் மணிக்கு மேல் ஆனது, இப்போது இருபத்து மூன்று நிமிடத்தில் முடிகிறது. அவன் வீட்டுப் பக்கம் இரவில் கரன்ட் போனால், பழைய பேட்டரி தாங்குகிற நேரத்துக்குள் எக்ஸ்போர்ட் முடிந்துவிடுகிறது. அவனுக்கு வேகத்தை விட இதுதான் பெரிதாகப் பட்டது. ஆனால் ஒரு வாரத்திலேயே ஃபோனில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்று மாற்றி வைத்துவிட்டான். ஃப்ரேம் இரட்டிப்பானால் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பு. "ஸ்லோ மோஷன் வேணும் மாமா." கோல் விழுகிற க்ளிப்புக்கு மட்டும் 60, மிச்சத்துக்கு 30 என்று சமாதானமானோம்.

அக்டோபருக்குப் பிறகு மெஷின் லினக்ஸ் மின்டுக்கு மாறிவிட்டது. அண்டர்வோல்ட்டை இன்டெல்-அண்டர்வோல்ட் என்ற சின்னக் கருவியில் மறுபடி செட் செய்ய வேண்டியிருந்தது, எண்கள் அதேதான் பொருந்தின.

இதையே மறுபடி செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்த டி440பிக்கு வருகிற ஹீட்சிங்கில் செப்புக் குழாய் கூடுதல். ஃபேனோடு சேர்த்து 1,100 ரூபாய்க்குத் தருவதாகச் சிப் வாங்கிய கடையிலேயே சொல்லியிருக்கிறார்கள். ப்ராசசருக்கு முன்னால் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். இப்போதும் அடுத்த கத்தரிக்கு முன் வாங்கிவிடுவேன். எப்படியும் அதற்குள் ஒரு தடவை தூசி தட்டத் திறந்துதான் ஆக வேண்டும். லாரி ஓடுகிற தெருவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது திறக்காமல் விட்டால் பழைய 97-க்கே வந்து நிற்கும்.